அலுமாரியில் நிற்பவர்கள்

கேற்றுக்கு வெளியே வான் ஹோர்ன் அலறியபோது, பத்தினிப்பிள்ளையின் கையில் இடிமுகன் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். அவள் காலடியில் ஒரு அரிசிப் பை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதற்குள் ஏற்கெனவே மூன்று பேர் போயிருந்தார்கள்.

“பத்து மணிக்கெண்டு சொன்ன ஆக்கள் ஒம்பதுக்கே வந்திட்டாங்க. கெதியா வா புள்ள, மிச்சத்தையும் இதுக்குள்ள கொட்டுவம்.”

ஈரத் தலையில் துவாயைச் சுற்றியபடி கலாஜினி ஓடிவந்தாள். வந்தவள் பையைப் பிடிக்கவில்லை. தாயின் கையிலிருந்த இடிமுகனைப் பிடித்தாள்.

“தலையில பிடிக்காதீங்க அம்மா. கழுத்து மூட்டு கழண்டிரும்.”

“என்ட கழுத்துத்தான் இண்டைக்குக் கழரப்போகுது. முதல் வந்த ஆக்கள் என்னத்துக்குப் போனாங்க எண்டு மறந்து போச்சா உனக்கு?”

கலாஜினிக்கு மறக்கவில்லை. மறக்காததால்தான் பையைக் காலால் ஒதுக்கிவிட்டு, உள்ளே போன மூவரையும் ஒவ்வொருவராக எடுத்து அலுமாரியில் அவரவர் இடத்தில் நிறுத்தினாள்.

போன வருடம் வேறொரு மாப்பிள்ளை பகுதி வந்தது. அன்றைக்குத் தாயின் பேச்சைக் கேட்டு அலுமாரியின் மேல் ஒரு படுக்கை விரிப்பைப் போர்த்தி வைத்திருந்தாள். மாப்பிள்ளையின் தங்கச்சி சும்மா இருக்கவில்லை. விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். போகும்போது, “பொண்ணுக்கு இன்னும் விளையாட்டுப் புத்தி போகல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூடி வைத்ததால்தான் அது ஒளிக்க வேண்டிய குற்றம்போல் ஆகிவிட்டது என்று கலாஜினி அன்றிரவே தீர்மானித்தாள். இனி மூடுவதில்லை. யார் வந்தாலும் சரி.

அலுமாரியில் நின்றவர்கள் ‘புயல் எழுவர்’ தொடரின் ஆட்கள். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் தொலைக்காட்சியில் ஓடிய தொடர் அது. எழுவர், அவர்களுடைய எதிரிகள், எதிரிகளின் சேவகர்கள், அவர்கள் ஏறித் திரியும் பறவைகள் என்று நான்கு தட்டும் நிறைந்துவிட்டது. எல்லாம் முழங்கை நீளம்கூட இல்லாத பிளாஸ்ரிக் உருவங்கள். முழங்கால் மடியும், இடுப்புத் திரும்பும், விரல் வாளைப் பிடிக்கும்.

முதலாவதாக வந்தவள் வெள்ளல்லி. மட்டக்களப்பு நகரில் நடைபாதைக் கடையொன்றில் ஒற்றைக் காலோடு கிடந்தாள். கலாஜினி வேலை செய்வது மூக்குக் கண்ணாடிக் கடையில். கண்ணாடியின் கைப்பிடியை இறுக்கும் கடுகளவு ஆணி ஒன்றைப் போட்டு, கழன்ற காலைப் பூட்டினாள். வெள்ளல்லி எழுந்து நின்றாள். அன்று பிடித்தது இந்தப் பைத்தியம். முறிந்தது, நொண்டியது, முகம் தேய்ந்தது எங்கே கிடந்தாலும் தேடி வாங்கி, பூட்டி, நிமிர்த்தி, அலுமாரியில் ஏற்றிவிடுவாள்.

பத்தினிப்பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். மகளுக்கு முப்பத்தொன்று ஆகிவிட்டது.

“வீடு உன்ட பேரில எழுதியாச்சு எண்ட திமிர் உனக்கு” என்று முணுமுணுத்துக்கொண்டே அரிசிப் பையைச் சுருட்டிக் கதிரைக்குக் கீழே தள்ளினாள். தகப்பன் கந்தப்போடி சேட்டுப் பொத்தானை மாற்றிப் பூட்டியபடி கேற்றைத் திறக்க ஓடினார்.

வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளை உதயரூபன், அவனுடைய தாய் இரத்தினம்மா, தகப்பன் இல்லாததால் முன்னுக்கு நின்று பேச வந்த சித்தப்பா யோகேஸ்வரன். உதயரூபன் விவசாயப் போதனாசிரியர். கிரான் வட்டையில் வயற்காரருக்குக் கூட்டம் வைக்க வந்தபோது கந்தப்போடிக்குப் பழக்கமானவன். இரண்டு மாதமாகக் கலாஜினியோடு போனில் பேசுகிறான். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. பேச்சுக்கு நடுவே அவசரப்படாமல் யோசிப்பான். தெரியாததைத் தெரியாது என்பான். இப்படி ஒருவன் தன் வயதுக்கு இனித் தேடினாலும் கிடைக்கமாட்டான் என்று அவள் தனக்குள் ஒப்புக்கொண்டும் இருந்தாள். ஆகவே இன்றைய நாள் அவளுக்கும் சும்மா நாள் அல்ல.

கல்யாணம் முடித்து உதயரூபன் வந்து இருக்கப்போகிற வீடு இது. மகன் எங்கே படுப்பான், எங்கே குளிப்பான், எந்தக் கதிரையில் இருந்து சோறு தின்பான் என்று பார்க்காமல் எந்தத் தாய் நாள் குறிப்பாள்? இரத்தினம்மா அமிர்தகழியிலிருந்து அதற்காகத்தான் வந்திருந்தாள். ஒல்லியான, நிமிர்ந்த மனுசி. வந்ததும் தண்ணீர்கூடக் கேட்காமல் குசினியைப் பார்த்தாள், கிணற்றை எட்டிப் பார்த்தாள், அறைக் கதவை இரண்டு முறை சாத்தித் திறந்தாள். ஹோலுக்குத் திரும்பி வந்தவள் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் நின்றாள். நின்றவள் நின்றபடியே இருந்தாள்.

யோகேஸ்வரன்தான் வாயைத் திறந்தார். “என்ன போடியார், வேளாண்மைக் காவலுக்கு ஆள் வெச்சிரிக்கியளா? யானை வந்தா இவனுகள் போதும் போல.”

கந்தப்போடி சிரிப்பதா வேண்டாமா என்று மனைவியைப் பார்த்தார்.

“புள்ளைகள் பிறந்தா விளையாட்டுச் சாமான் வாங்கத் தேவல்ல. எல்லாம் ரெடியா இரிக்கி” என்றார் யோகேஸ்வரன் மறுபடி.

“அதுகளுக்கு வேற வாங்குவம் மாமா” என்றாள் கலாஜினி. “இதுகளத் தொட விடமாட்டன்.”

உதயரூபனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்தப்பாவும் சேர்ந்து சிரித்தார். பத்தினிப்பிள்ளைக்குப் போன உயிர் பாதி திரும்பியது. இரத்தினம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியில் விரலை வைத்து இழுத்து, விரல் நுனியைப் பார்த்தாள்.

“இது தூசு பிடிக்கிற சாமான். இதுகள ஆரு துடைக்கிற?”

கலாஜினி வாய் திறப்பதற்குள் பத்தினிப்பிள்ளை முந்திக்கொண்டாள். மகள் நாள் முழுக்கப் பொம்மையோடு கிடக்கிறாள் என்று வந்தவர்கள் நினைத்துவிடக் கூடாதே என்ற பதற்றம் அவளுக்கு.

“அவளுக்கு வேலைக்குப் போய்வர நேரமெங்க? நான்தான் கிழமைக்குக் கிழமை எல்லாத்தையும் இறக்கித் துடைச்சு வைக்கிற. அவள் ஒண்டையும் தொடமாட்டாள்.”

இரத்தினம்மா திரும்பிப் பத்தினிப்பிள்ளையைப் பார்த்தாள். முகத்தை அல்ல, கைகளை.

“நீங்களா துடைக்கிற?”

“ஓம், நான்தான். அதில என்ன கிடக்கு, புள்ளைக்காகத்தானே.”

இரத்தினம்மாவின் முகம் கல்லாகிப் போனது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

“வீடு நல்ல வீடு. பிழை சொல்ல ஒண்டுமில்ல. இதுகள இஞ்ச இருந்து எடுங்க. எடுத்துப்போட்டுச் சொல்லி அனுப்புங்க, நாள் பார்ப்பம். இது நிக்கிற ஹோலுக்குள்ள என்னால வந்து இருக்கேலாது.”

“இண்டைக்கே எடுத்திருவம்” என்றாள் பத்தினிப்பிள்ளை, மூச்சு விடாமல்.

“எடுக்க மாட்டம்” என்றாள் கலாஜினி.

யோகேஸ்வரன் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தார்.

“அம்மா, எனக்கு இதில ஒரு கரைச்சலும் இல்ல” என்றான் உதயரூபன்.

“உனக்குத் தெரியாது. நீ பொறு.” இரத்தினம்மா வாசலை நோக்கி நடந்தாள்.

உதயரூபன் கலாஜினியின் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினான். “அம்மா வெளிநாட்டால வந்த பிறகுதான் நான் அவவோட இருந்த. அவட மனசு எனக்கே இன்னும் சரியாப் பிடிபடல்ல. நான் கதைச்சுப் பார்க்கிறன். ஆனா கெதியில சரிவராது.”

கலாஜினி அலுமாரியைப் பார்த்தாள். ஒரு அரிசிப் பை போதும். எல்லாவற்றையும் கொட்டிக் கட்டிவிட்டால் இந்தக் கல்யாணம் நடந்துவிடும். ஆனால் அந்தப் பையோடு தன்னில் ஒரு பாதியும் கட்டிப் போய்விடும். பிறகு இந்த வீட்டில் ஆயுள் முழுக்க எதையாவது மூடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு மேல், வேறு ஏதோ ஒன்று அவளுக்கு இடறியது. இந்த மனுசி பொம்மையைப் பார்த்துக் கோபப்படவில்லை. யார் துடைக்கிறது என்று கேட்டு, பதிலைக் கேட்ட பிறகல்லவா கோபம் வந்தது?

“மாமி, ஒரு நிமிசம் நில்லுங்க” என்றாள்.

இரத்தினம்மா வாசற்படியில் நின்றாள்.

“அம்மா சொன்னது பொய்.”

“அடி புள்ள” என்றாள் பத்தினிப்பிள்ளை, தலையில் கைவைத்து.

“பொய்தான் மாமி. இதுகள என்னத் தவிர ஆரும் துடைக்கிறதில்ல. அம்மாவ நான் தொட விட்டதேயில்ல. ஆருக்கும் இத ஒரு வேலையாக் குடுத்ததுமில்ல. என்ட ஆசை, என்ட தூசு. நாளைக்கு உங்கட மகன் வந்தாலும் அவரத் துடைக்கச் சொல்ல மாட்டன். நீங்க வந்து நிண்டா உங்களயும் விடமாட்டன்.”

“உண்மையா?” இரத்தினம்மா பத்தினிப்பிள்ளையைக் கேட்டாள்.

பத்தினிப்பிள்ளை அரைவாசி அழுகையோடு சொன்னாள். “உண்மைதான். இண்டைக்குத்தான் முதல் முதல் கைய வெச்சன். அதுக்குள்ள தலையில பிடிச்சிட்டன் எண்டு பறையிறாள்.”

யோகேஸ்வரன் கோப்பையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

இரத்தினம்மா உள்ளே வந்தாள். “அப்ப துடைச்சுக் காட்டு.”

கலாஜினி அலுமாரியைத் திறந்தாள். கண்ணாடி வில்லை துடைக்கும் மெல்லிய தூரிகை ஒன்றைக் கடையிலிருந்து கொண்டுவந்து கீழ்த்தட்டில் வைத்திருந்தாள். தீக்குருவியை எடுத்தாள், எழுவரில் மிகவும் அலங்காரமானவள், தோளிலிருந்து சிவப்பு மேலங்கி தொங்கும். வாளைக் கழற்றித் தனியே வைத்தாள். முகத்திலிருந்து தொடங்கி, தோள், முழங்கை மடிப்பு, விரல் இடுக்கு என்று கீழ்நோக்கிக் கொண்டுபோனாள்.

“மேலங்கியத் தூக்கு” என்றாள் இரத்தினம்மா. “புறங்கழுத்திலதான் அடையும். மேலாலத் துடைச்சா பார்வைக்குத் துப்புரவு, உள்ளுக்குக் கறுத்துக் கிடக்கும்.”

கலாஜினி நிமிர்ந்து பார்த்தாள்.

“தா இஞ்ச.”

இரத்தினம்மா தீக்குருவியை வாங்கினாள். எல்லோரும் தலையைத்தான் பிடிப்பார்கள், அல்லது கையை. அவள் இடுப்பை இரண்டு விரலால் பிடித்து, மற்றக் கையைக் காலுக்குக் கீழே ஏந்திக்கொடுத்தாள். மேலங்கியைச் சுண்டுவிரலால் விலக்கி, தூரிகையை உள்ளே விட்டு இரண்டு இழுப்பு இழுத்தாள். பிறகு அலுமாரியில் வைத்து, ஒரு பாதத்தைச் சற்று முன்னுக்குத் தள்ளி, கையை எடுத்தாள். தீக்குருவி ஆடாமல் நின்றாள்.

வெளியே வானின் சாரதி யாருடனோ போனில் கதைத்துக்கொண்டிருந்தது கேட்டது.

“என்ன மச்சாள், அப்ப வெளிக்கிடுவமா?” யோகேஸ்வரன் தயங்கிக் கேட்டார்.

“எங்க வெளிக்கிடுற? வந்த வேலையப் பாரு. போடியாரிட்ட நாளக் கேள்.” சொல்லிவிட்டு இரத்தினம்மா அலுமாரிக்கு நேர் எதிரே கிடந்த கதிரையில் இருந்தாள். “இதுகள் நிக்கிற இடத்திலயே நிக்கட்டும்.”

பத்தினிப்பிள்ளை பலகாரத் தட்டை எடுக்கக் குசினிக்கு ஓடினாள். கந்தப்போடி பஞ்சாங்கத்தைத் தேடி அறைக்குள் போனார். வேறு யாராக இருந்தாலும் இத்தோடு வாயை மூடிக்கொண்டு சந்தோசப்பட்டிருப்பார்கள். கலாஜினி கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, இரத்தினம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். உதயரூபனும் அங்கேதான் நின்றான்.

“அப்ப முதல்ல ஏன் மாமி எடுக்கச் சொன்னீங்க?”

இரத்தினம்மா மகனை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு அலுமாரியைப் பார்த்தபடி சொன்னாள்.

“குவைத்தில ஒம்பது வருசம் புள்ள, ஒரு வீட்டுப் பொடியன்ட அலுமாரியில நிண்ட இதுகளுக்கெல்லாம் வெள்ளிக்கு வெள்ளி முகம் துடைச்சு விட்டன், அந்த ஒம்பது வருசமும் இவன்ட முகத்த ஆரு துடைச்ச எண்டு எனக்குத் தெரியாது.”