தபால் பெட்டியில் ஒட்டிய பெயர்

புஸ்பராணி அரிசிக் கிண்ணத்தைக் கையால் தட்டிவிட்டாள். வாய்க்கரிசி பிரேதப் பெட்டியைச் சுற்றித் தரையெங்கும் சிதறியது.

"நான் போடமாட்டன். டொக்டரிட்டைப் போகாமல் போஸ்டாவுக்குப் போன மனுசனுக்கு நான் ஏன் அரிசி போடுறது? அமெரிக்காக்காரன் வந்து போடட்டும்!"

கூடம் நிறையச் சனம் இருந்தது. பெட்டியை மூட வந்த இரண்டு இத்தாலியர்கள் திருகாணிகளைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்கள். அவளுடைய தமையன் இராஜதுரை குனிந்து அரிசியைக் கூட்டி அள்ளினார்.

"செத்த மனுசனோடை என்ன கோவம், பிள்ளை? நீ போட்டால்தான் மூடலாம்."

"செத்ததாலைதான் அண்ணை கோவம்! உயிரோடை இருந்திருந்தால் ரெண்டு நாள் கதைக்காமல் விட்டிருப்பன், அதோடை முடிஞ்சிருக்கும்."

கோபம் வராமல் என்ன செய்யும்? நெஞ்சு நோகுது நோகுது என்று புருசன் கதிரேசு சொல்லிக்கொண்டே இருந்தார். வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒரு நேரம் எடுத்துக் கொடுத்தவள் இவள். நேற்றுக் காலை வேலைக்குப் போகுமுன் அவர் போடவேண்டிய சேட்டை இஸ்திரிபோட்டு மினுக்கிக் கதிரையில் போட்டு, "மறந்திடாதேங்கோ" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். மனுசன் அந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டு ஒரு தபாலோடு போஸ்டா என்கிற தபால் கந்தோருக்குப் போனார். அங்கே சனத்தோடு சனமாகக் காத்து நின்று அனுப்பிவிட்டுத்தான் வீடு திரும்பினார். ஆஸ்பத்திரி நேரம் தவறிவிட்டது. கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லை. இப்போது படுத்திருப்பதும் அதே சேட்டோடுதான்.

எல்லாம் அந்தப் பேஸ்போல் காட்டால் வந்த வினை. கதிரேசு துப்புரவு வேலை செய்த வீட்டிலிருந்த அமெரிக்கக் குடும்பம் ஊருக்குத் திரும்பியபோது, ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய விளையாட்டுக்காரரின் படம் அச்சடித்த காட்டுகளை, கையளவு அட்டைகளை, விட்டுப் போனது. அந்த விளையாட்டை அவர் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. "எங்கடை எல்லே விளையாட்டுத்தானப்பா, அடிச்சுப்போட்டு ஓடுறது" என்பார். காட்டிலுள்ள ஆளுக்கே அதை அனுப்பிக் கையெழுத்துக் கேட்பார். காட்டோடு மகள் கேசினி எழுதிக் கொடுத்த இங்கிலீசுக் கடிதமும், திரும்பி வருவதற்குத் தன் கையாலேயே விலாசம் எழுதிய இன்னொரு உறையும் போகும். முக்கால்வாசிப் பேர் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். யாராவது கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டால் மனுசன் கிழமைக் கணக்கில் சிரித்துக்கொண்டு திரிவார். "இதை ஒருக்கால் பாரன்" என்று நீட்டுவார். இரண்டு வீடு கூட்டித் துடைத்துவிட்டு வந்தவளுக்குப் பார்க்க எங்கே மனம்? "கை ஈரம், அங்காலை கொண்டு போங்கோ" என்பாள்.

"அந்தச் சப்பாத்துப் பெட்டியையும் உள்ளுக்கை வையுங்கோ. ரெண்டும் ஒண்டாய் எரியட்டும்" என்றாள் இப்போது.

அந்த நேரம் பார்த்துக் கீழிருந்து மணி அடித்தது. இறங்கிப் போன கேசினி ஒரு உறையோடு வந்து வாசலில் தயங்கி நின்றாள். விலாசம் கதிரேசுவின் சாய்ந்த கையெழுத்தில்.

"குடு இஞ்சை! இண்டைக்கோ வாறது? சவம் கிடக்கிற வீட்டுக்கோ வாறது?" கிழித்தெறியத்தான் புஸ்பராணி பறித்தாள். விலாசத்தைக் கண்டதும் கை நின்றது. "என்ரை பேர் ஏனடி இதிலை?"

"கீழை தபால் பெட்டியிலை உங்கடை பேர் மட்டும்தானே இருக்கு, அம்மா. அப்பாவுக்குப் பெர்மெஸ்ஸோ விசா கிடைக்க முதல் எடுத்த வீடு. அவற்றை பேருக்கு வந்தால் தபால்காரன் திருப்பிக் கொண்டு போயிடுவான்."

உள்ளே ஒரு காட். மட்டையைத் தோளில் சாய்த்து நின்ற யாரோ ஒருவனின் நெஞ்சுக்குக் குறுக்கே நீல மையில் எழுத்து. கேசினி வாசித்தாள்: "புஸ்பராணிக்கு அன்பான வாழ்த்துகள்." பிறகு மெல்லச் சொன்னாள். "உறையிலை இருக்கிற பேரைப் பார்த்துத்தான் எழுதுறாங்கள். பேர் போட்டு வாறது எல்லாம் உங்கடை பேரிலைதான்."

"பிழையெண்டு நீ கொப்பரிட்டைச் சொல்லேல்லையோ?"

"சொன்னனான். 'ஆற்றை பேர் எண்டால் என்ன, வீடு ஒண்டுதானே' எண்டவர்."

புஸ்பராணி சப்பாத்துப் பெட்டியை மடியில் கவிழ்த்தாள். தொப்பி போட்ட முன்பின் தெரியாத ஆண்கள். கையெழுத்துப் போட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அவளுக்குத்தான் எழுதியிருந்தார்கள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?" அவள் பிரேதத்தின் முகத்துக்கு நேரே குனிந்து கத்தினாள். "ஊர் உலகமெல்லாம் என்ரை பேரை அனுப்பியிருக்கிறீங்கள். எனக்கெல்லோ முதல் சொல்லியிருக்கவேணும்! சொல்லியிருந்தால் கையைத் துடைச்சுப்போட்டுப் பார்த்திருப்பனே, பாவி மனுசா!"

இராஜதுரை கிண்ணத்தை நீட்டினார். புஸ்பராணி ஒரு பிடி அள்ளி வைத்தாள். அரிசி உதட்டில் நில்லாமல் சேட்டுக் கொலருக்குள் விழுந்தது. அவள் கொலரை நேராக்கிவிட்டாள்.

"இதையும் வைக்கட்டோ?" என்று இராஜதுரை சப்பாத்துப் பெட்டியைத் தூக்கினார்.

"கையை எடுங்கோ அண்ணை!"

ஊரிலென்றால் பெண்கள் சுடலைக்குப் போகாமல் வாசல் படலையோடு நின்றுவிடுவார்கள். இத்தாலியின் பிரான்காச்சோவில் படலைக்கு எங்கே போவது? கட்டடத்தின் பெரிய வாசற்கதவோடு நின்றார்கள். சுவரில் தபால் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒன்றில், கதிரேசு எழுதி ஒட்டிய அவளுடைய பெயர் ஒரு மூலையில் கழன்று நின்றது.

"அம்மா, அப்பா நேற்றுப் போட்டதும் வந்தாலும் வரும்" என்றாள் கேசினி.

"எனக்குத் தெரியும். வாயை மூடு."

வெளியே பிரேதப் பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். புஸ்பராணி பெருவிரலை நாக்கில் தொட்டு அந்த மூலையை அழுத்தினாள். கையை எடுத்ததும் அது மறுபடி கிளம்பியது. திரும்பவும் அழுத்தினாள். வண்டி சந்தி திரும்பிய பிறகும் விரலை எடுக்கவில்லை.