தகப்பனின் தகப்பன்

செபஸ்தியாம்பிள்ளைக்கு மிச்சமிருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். செத்தால் திரேசம்மாவுக்குப் பக்கத்தில் கிடக்க வேண்டும். அதற்கு அவசரம் ஏதுமில்லை. அறுபத்திரண்டு வயதிலும் மனிதர் நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார், பின்னேரங்களில் வாவிக்கரையில் வலைக்காரரோடு கதையளந்தார். ஆனால் இடம் மட்டும் உறுதியாக வேண்டும். முப்பது வருடம் பஸ் ஸ்ராண்டில் ரைம்கீப்பராக இருந்து, எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதியே ஓய்வுபெற்ற கை அது. நிச்சயமில்லாத எதையும் அந்தக் கைக்குப் பிடிக்காது.

இரண்டு வருடத்துக்கு முன் புளியந்துறைக் கோயிலின் பழைய சேமக்காலையில் பெண்சாதியை அடக்கம் செய்த அன்றே, பக்கத்தில் ஆறடி நீளம் மூன்றடி அகலம் அளந்து ஒரு பூவரசங் கம்பை நட்டுவைத்தார். கம்பு துளிர்த்து இப்போது இலையும் விட்டுவிட்டது. தன் குழிக்குத் தானே மரம் வைத்த மனிசன் என்று ஊர் அவரைப் பகிடி பண்ணும். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அந்தச் சிரிப்பெல்லாம் 1966 மாசி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுபோனது. பூசை முடிந்ததும் கோயில் மூப்பர் யாக்கோப்பு எழும்பி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஓர் அறிவித்தலை வாசித்தார். பழைய சேமக்காலையில் இனி இருபத்தொரு குழிக்குத்தான் இடமிருக்கிறது. ஆகையால் யாருடைய தகப்பனின் தகப்பன் அங்கே அடக்கமாகியிருக்கிறாரோ அவர்களுக்கு மட்டுமே அங்கு இடம். கோயில் புத்தகத்தைப் பார்த்துப் படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்குச் சவுக்கந்தோப்புக்கு அப்பால் புதுச் சேமக்காலை.

யாக்கோப்பு வேறு யாருமில்லை, திரேசம்மாவின் சொந்த அண்ணன். செபஸ்தியாம்பிள்ளை கோயில் வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், நான் வாகரையான். கலியாணம் முடிச்சு இஞ்ச வந்தவன். என்ட அப்பாட அப்பா இந்த ஊரில எப்பிடிக் கிடப்பார்?"

"அதுக்கு நான் என்ன செய்ய? சட்டம் எண்டா எல்லாருக்கும் சட்டம்தான். சொந்த மச்சானுக்கு விலக்கு வச்சா நாளைக்கு ஊர் என்ன கதைக்கும்?"

செபஸ்தியாம்பிள்ளை வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினார். சொல்ல வெட்கமென்ன, அழுதார். அன்று மத்தியானம் சோறும் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் யாக்கோப்பு தானாகவே வந்தார், கையில் ஒரு படிவத்தோடு. மனிதரின் துணிச்சலைப் பாருங்கள்.

"மச்சான், உன்ட எழுத்து முத்துமுத்தா இரிக்கும். முதல் படிவம் என்ட. நீ நிரப்பித் தா, கோயில் கதவில ஒட்டுவம். மத்தவங்க அதைப் பாத்து எழுதட்டும்."

வேறொருவர் என்றால் படிவத்தைக் கிழித்து முகத்தில் எறிந்திருப்பார். செபஸ்தியாம்பிள்ளைக்கு வெறும் கட்டங்களைக் கண்டால் கை சும்மா இராது. பேர், பிறந்த ஊர், ஞானஸ்நானம், விவாகம், மரணம், அடக்கம் செய்த இடம் என்று முன்னோரைப் பற்றிய ஆறு கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன. பேனையை எடுத்துவிட்டார்.

"பேர் சொல்லுங்க."

"இதென்ன கேள்வி? மனுவேல் பெத்தப்பா. இந்தக் கோயிலைக் கட்டினவர்."

"அவர் உங்கட அம்மாட அம்மாட அப்பா. இதில தகப்பனின் தகப்பன் எண்டுதானே நீங்க போட்டிரிக்கீங்க?"

யாக்கோப்பு விழித்தார். விழிக்கத்தான் வேண்டும். இந்தக் கரையில் வீடு தாயுடையது. வளவும் கிணறும் மகளுக்குப் போகும். ஆண்பிள்ளை ஒரு பெட்டியோடு பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். 'எங்கட பரம்பரை' என்று ஒருவர் சொன்னால் அது தாயின் பரம்பரைதான், அதை யாரும் விளக்கிச் சொல்வதுகூட இல்லை. யாக்கோப்பு எங்கோ பட்டணத்தில் கண்ட அறிவித்தல் ஒன்று அழகாயிருக்கிறதே என்று வரிக்கு வரி இறக்கியிருந்தார். மனத்தில் நினைத்தது மனுவேலை, கை எழுதியது தகப்பனின் தகப்பனை.

"அவரும் இஞ்சதான் எங்கயாவது கிடப்பார்," என்றார் சமாளித்துக்கொண்டு. "எனக்கு அஞ்சு வயசிலேயே ஐயா செத்துப்போனார். ஒண்டும் தெரியா. நீ புத்தகத்தில பாரு."

பூசைக்கு வரும் சுவாமி தங்கும் அறைவீட்டில் பழைய புத்தகங்கள் ஓர் அலமாரி நிறைய இருந்தன. செபஸ்தியாம்பிள்ளை மூன்று காலைகள் அங்கே உட்கார்ந்தார். அடக்கப் புத்தகத்தை அறுபது வருடத்துக்குப் புரட்டியும் யாக்கோப்பின் பாட்டனார் அகப்படவில்லை. பேரே தெரியாமல் ஆளை எங்கே தேடுவது? பிறகுதான் யாக்கோப்பின் பெற்றாருடைய விவாகப் பதிவைப் பார்க்கலாமே என்று தோன்றியது. 1897ஆம் வருடத்துப் பக்கத்தில் அது இருந்தது: 'மாப்பிள்ளை, வாகரைச் சந்தியாம்பிள்ளையின் மகன்.'

வாகரை! தன்னைச் சேமக்காலைக்கு வெளியே தள்ளின மச்சானின் தகப்பன் தன் ஊர்க்காரன்! மனிதர் தனியே இருந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. இன்னும் ஐந்து கட்டங்கள் வெறுமையாக இருந்தன.

மறுநாள் விடிய வாகரை பஸ் ஏறினார். அங்கே அவருடைய தங்கச்சி செபஸ்தியம்மா தாய்வீட்டில் இருந்தாள். குரக்கன் பிட்டும் இறால் சொதியும் வைத்து, அண்ணன் இரண்டு கோப்பை சாப்பிட்ட பிறகுதான் வெளியே விட்டாள். வாகரைக் கோயிலின் அடக்கப் புத்தகத்தைப் பூச்சி நன்றாகவே தின்றிருந்தது. 1893ஆம் வருடத்தில், மார்கழி மாதத்தில், தேதி இருந்த இடத்தில் ஓட்டை. மற்றதெல்லாம் பழைய உபதேசியாரின் சாய்ந்த எழுத்தில் அப்படியே இருந்தது.

'சந்தியாம்பிள்ளை. வயது 49. பிறந்த ஊர் புளியந்துறை. அன்னம்மாளை விவாகம் செய்து இவ்வூரில் இருபத்தெட்டு வருடம் வாழ்ந்தார். காய்ச்சலால் மரித்தார். அவர் கேட்டுக்கொண்டபடியே, முன்னே மரித்த மனைவியின் பக்கத்தில் அடக்கம்.'

செபஸ்தியாம்பிள்ளை அதை மூன்று தரம் வாசித்தார். மூன்றாம் தரம் வாசிக்கையில் எழுத்துக் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிழை கண்ணாடியில் இல்லை. வெளியே போய்க் கடற்கரை மணலில் அடம்பன் கொடி மூடிக் கிடந்த பழைய சேமக்காலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே ஒரு கல்லும் இல்லை. ஆனால் அந்த மணலுக்குள் ஒரு புளியந்துறை மனிதர் தன் பெண்சாதியோடு எழுபத்திரண்டு வருடமாக நிம்மதியாகக் கிடக்கிறார். செபஸ்தியாம்பிள்ளைக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துப்போயிற்று.

ஊருக்குத் திரும்பி ஞானஸ்நானப் புத்தகத்தின் மிகப் பழைய கட்டைப் பிரித்தார். 1844, ஆவணி பன்னிரண்டு. பிறந்து எட்டாம் நாள் தலையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். கட்டங்கள் நிரம்பின. மரணத் தேதி மட்டும் இல்லை. குத்துமதிப்பாக ஒன்றைப் போட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. ரைம்கீப்பர் போடவில்லை, 'தேதி தெரியாது' என்று எழுதினார்.

சனிக்கிழமை பின்னேரம் படிவத்தை யாக்கோப்பின் வீட்டுக்குக் கொண்டுபோனார். அதாவது யாக்கோப்பின் பெண்சாதி மார்கிறட்டின் வீட்டுக்கு. அவள் திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்கட்டும் என்று யாக்கோப்பு உரத்து வாசிக்கத் தொடங்கினார். பிறந்த ஊர் புளியந்துறை என்றதும் மூப்பரின் நெஞ்சு நிமிர்ந்தது. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் குரல் உள்ளே போய்விட்டது.

"வாகரையா?" என்றாள் மார்கிறட். துருவுவது நின்றது. "அப்ப உங்களை வாகரைக்கா கொண்டுபோக வேணும்? போங்க. நான் இஞ்ச எங்கட அம்மாட்டத்தான் கிடப்பன்."

"பகிடி விடாத."

"என்ன பகிடி? கோயில் சபையில ஆறு பேர் இரிக்கீங்க. ஆறு பேர்ர தகப்பன்மாரும் ஆர்? எல்லாரும் பெட்டியும் கையுமா இந்த ஊருக்குக் கலியாணம் முடிக்க வந்தவங்க. அவங்கட தகப்பன்மார் அவங்கவங்கட ஊரில கிடக்காங்க. உங்கட சட்டத்துக்கு இந்த ஊரில ஒருத்தரும் தேறமாட்டாங்க. அந்த இருபத்தொரு குழியில என்ன, மரவள்ளியா நடப்போறீங்க?"

யாக்கோப்பின் முகம் சுருங்கியது. இந்த நேரத்தில் செபஸ்தியாம்பிள்ளை ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லியிருந்தால் மூப்பர் முறுக்கிக்கொண்டு எழும்பியிருப்பார். அவர் குத்தவில்லை. கடைசிக் கட்டத்தில் விரலை வைத்து மெதுவாகச் சொன்னார்.

"உங்கட பெத்தப்பா இந்த ஊர்ப் பிள்ளை, மச்சான். வந்தவர் எண்டு வாகரையில ஆரும் அவரைத் தள்ளிப் போடல்ல. அவர் கேட்டிரிக்கார், பெண்சாதிக்குப் பக்கத்தில இடம் குடுத்திரிக்காங்க. நானும் அதைத்தான் கேக்கன்."

யாக்கோப்பு படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், திரும்ப எடுத்து விரித்தார், திரும்ப மடித்தார். மார்கிறட் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். இருவரும் குடித்தார்கள்.

அடுத்தநாள் பூசை முடிந்து புது அறிவித்தல் வந்தது. தாயின் வழியார் யாரேனும் பழைய சேமக்காலையில் அடக்கமாகியிருந்தால் இடமுண்டு, அப்படிப்பட்டவர்களைக் கலியாணம் முடித்து வந்தவர்களுக்கும் இடமுண்டு. மூப்பர் அதைக் கொஞ்சம் வேகமாக வாசித்தார். பின்வரிசையில் பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். சந்தியாம்பிள்ளையின் படிவம் கோயில் கதவில் ஒட்டப்பட்டது.

செபஸ்தியாம்பிள்ளை நேரே சேமக்காலைக்குப் போய் திரேசம்மாவுக்குப் பக்கத்தில், தன் இடத்தில், பூவரசின் சின்ன நிழலில் குந்தினார். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் அவளுக்குச் சொன்னார். சொல்லி முடிக்கையில் பின்னால் காலடி கேட்டது. யாக்கோப்பு ஒரு வாளி தண்ணீரோடு நின்றார். மச்சானின் முகத்தைப் பாராமல் தண்ணீரைப் பூவரசின் அடியில் ஊற்றினார்.

"வாகரையில அந்த இடத்தை எனக்குக் காட்டுவியா?" என்றார். "அறுபத்தாறு வயசாச்சு. ஒரு மெழுகுதிரி கொளுத்தல்ல நான்."

"நாளைக்கே போவம்."

"எத்தின மணிக்கு பஸ்?"

"காலமை ஆறு பத்துக்கு, மச்சான்," என்றார் ரைம்கீப்பர். "பிந்தாம வாங்க."