கிர்க்கி வானத்தில் பறந்த பொருள்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் மனதில் தானாக உதித்ததல்ல. புனேயில் எங்கள் தமிழ் வட்டத்தின் ஆண்டு மலருக்கு இரண்டு பக்கக் கட்டுரை கேட்டார்கள். தெரியாத்தனமாகத் தலையாட்டிவிட்டேன்.

கேட்டவர் ரோஹிணி அக்கா, கல்லூரியில் இயற்பியல் பேராசிரியை. கட்டுரை அவருடைய அப்பா கோவிந்தராஜனைப் பற்றியது. 1961இல், பதினாறு வயதில், புனேயின் கிர்க்கி ராணுவக் குடியிருப்புக்கு மேலே பறக்கும் தட்டு ஒன்றைப் படம் பிடித்தவர் அவர். இப்போது எண்பது வயது. ஞாயிற்றுக்கிழமை மாலை பாராட்டு விழா.

தொடக்கம், முதல் முயற்சி: 'அன்று கிர்க்கி வானம் கண்ணாடிபோல்...' (வேண்டாம். நான் அங்கே இல்லை. கண்ணாடியும் இல்லை.)

இரண்டாம் முயற்சி: 'வேற்றுக் கிரகத்தார் புனேவைத் தேர்ந்தெடுத்ததற்கு...' (இது எப்படியும் டிராஃபிக் ஜோக்கில்தான் போய் முடியும். அடித்துவிட்டேன்.)

2

புனேயின் ஐ.டி. பேட்டையான கராடியில் கம்ப்யூட்டர் நிரல் எழுதிப் பிழைக்கிறவனிடம் கட்டுரை கேட்டால் என்ன ஆகும்? ஆராய்ச்சி ஆகும். மூன்று வாரம் தூக்கமில்லை.

1947இல் ஓர் அமெரிக்க விமானி, வானத்தில் சில பொருள்கள் தண்ணீர்மேல் எறிந்த சாஸர்போலத் தத்தித் தத்திப் போயின என்றார். அவர் சொன்னது போக்கைப் பற்றி. பத்திரிகைகள் அதை உருவமாக்கின. அதன்பின் வானத்தில் எதைப் பார்த்தாலும் அது வட்டமாகத்தான் இருந்தது. ஆராய்ச்சியில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்; மலர்க் குழுவுக்குப் பிடிக்கவில்லை.*

இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. 1897இல் கான்சாஸ் விவசாயி ஒருவர், ஆகாயக் கப்பல் ஒன்று தன் மாட்டைத் தூக்கிக்கொண்டு போனதாகச் சத்தியம் செய்தார். அவர் பொய்யே சொல்லாதவர் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது, கையெழுத்துப் போட்டவர்களும் அவரும் ஒரே பொய்யர் சங்கத்து உறுப்பினர்கள் என்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

(* 'டீத்தூள் கம்பெனி ஸ்பான்சர் பண்ணின விளம்பரத்துக்கு எடம் வேணும்' என்று காரணம் சொன்னார்கள்.)

3

கோவிந்தராஜனின் படம் அப்போது ஒரு மராத்திப் பத்திரிகையில் தபால்தலை அளவில், சாம்பல் கறையாக வந்தது. அந்த வெட்டுத்துண்டு மட்டும்தான் வீட்டில் இருக்கிறது. நெகட்டிவ்வை அப்போதே வெளிநாட்டு ஆர்வலர் குழு ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டது. அவர்களுடைய அறிக்கை நாற்பது பக்கம். 'விட்டம் நாற்பதடி. அடிப்புறத்தில் நான்கு அரைக்கோளப் புடைப்புகள், அநேகமாக எஞ்சின்கள். நடுவே ஒரு துவாரம்.'

அந்த நெகட்டிவ்வின் ஸ்கேனை இணையத்தில் நான்தான் தோண்டி எடுத்தேன். மகிழ்ச்சியில் தலைகால் புரியாமல், திறந்துகூடப் பார்க்காமல், ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் ஜெயந்துக்கு அனுப்பினேன். எட்டடிக்கு எட்டடி, மேடைக்குப் பின்னால் வைக்க.

மாலையில்தான் நிதானமாகப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

நான்கு குழி. நடுவில் துளை. அலுமினியம்.

வெளிநாட்டு நிபுணர்களுக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை. நான் பிறந்ததிலிருந்து அதில் வெந்ததைச் சாப்பிட்டு வளர்ந்தவன். என் வீட்டு இட்லிப் பாத்திரத்துக்குள் அதில் நான்கு இருக்கின்றன. (இங்கே ஒரு சிலேடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எடுக்க மாட்டேன்.)

இப்போது என் நிலைமையை யோசியுங்கள். விழாவுக்கு வரப்போகிறவர்கள் முந்நூறு பேர். முந்நூறு பேரும் தமிழர்கள்.

4

கோவிந்தராஜனை நம்புவது ஓர் எழுத்தாளனுக்குக் கஷ்டம். ராணுவக் கணக்குத் துறையில் முப்பத்தைந்து வருடம் தணிக்கை. அடுத்தவர் பொய்யைக் கண்டுபிடிப்பதே தொழில். அவரைத் தபால்காரராக மாற்றி எழுதிப் பார்த்தேன். கதை படுத்துவிட்டது. தணிக்கை அதிகாரியாகவே இருக்கட்டும்.

சனிக்கிழமை காலை மகர்பட்டாவில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் ரோஹிணி அக்கா மாவு ஊற்றிக்கொண்டிருந்தார். நாலு தட்டு வைக்கிற பழைய ஸ்டாண்டு. மூன்றுதான் இருந்தது.

"ஒண்ணு எங்கேங்க அக்கா?"

"நான் பொறந்ததுலேர்ந்து மூணுதான். புதுசு வாங்கலாம்னா அப்பா விடமாட்டேங்கிறார். ஏக்தம் அடம். ஆமா முரளி, படத்த நல்லா பெருசு பண்ணிப் பாத்தீங்களா?" என்று சிரித்தார். (இந்தச் சிரிப்பு அங்கே இருந்ததா, எழுதும்போது நான் சேர்த்ததா என்று எனக்கே இப்போது உறுதியில்லை.)

பால்கனியில் கோவிந்தராஜனிடம் குரலைத் தாழ்த்தினேன். "சார், படம் கிடைச்சுருச்சுங்க. ரொம்பத் தெளிவா இருக்குதுங்க."

"எவ்வளவு தெளிவா?"

"நாலு குழியும் தெரியுதுங்க."

அவர் எதிர் டவர் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை.

"அந்தோணின்னு என் ஃப்ரெண்டு, வாட்டர் டேங்க் மேலேருந்து வீசினான். நான் க்ளிக் பண்ணினேன். அது நேரா முளா ஆத்துல போய் விழுந்துது. ரெண்டு நாள்ல உண்மைய சொல்லிடலாம்னுதான் இருந்தோம். அதுக்குள்ள பேப்பர்ல வந்து, ஸ்கூல்ல மாலை போட்டுட்டாங்க. மாலை விழுந்தப்புறம் எங்கேர்ந்துப்பா சொல்றது?"

சிரிப்பு நின்றது.

"ரோஹிணி எட்டு வயசுல அந்த வெட்டுத்துண்டப் பாத்துட்டுதான் டெலஸ்கோப் வேணும்னா. அவ படிச்சது, வேலை, எல்லாம் அதுலேர்ந்து வந்தது. ஊர் சிரிச்சா சிரிக்கட்டும். அவ என்னைப் பொய்யன்னு நெனச்சுட்டா தாங்க மாட்டேன், முரளி."

எனக்கும் தாங்காது என்று அப்போது தெரிந்தது.

5

கீழே இறங்கியதும் ஜெயந்தைக் கூப்பிட்டேன். படத்தைச் சின்னதாக்க வேண்டும், மங்கலாக்கினால் இன்னும் நல்லது.

"ஸர், ஜாலா! ஏஐ மத்யே டாக்லா, ஏக்தம் க்ளியர்!" என்றார் பெருமையாக.

அச்சடித்தாயிற்று. அதற்கு முன் செயற்கை நுண்ணறிவில் போட்டுத் துலக்கியும் ஆயிற்று. மாதிரி அனுப்பினார். ஓரத்தில் ஒட்டியிருந்த மாவுகூடத் தெரிந்தது.

6

முடிவுகள். மூன்று எழுதினேன்.

அ) மின்வெட்டு. (கோழைத்தனம். தவிர, மண்டபத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது.)

ஆ) கோவிந்தராஜன் மைக்கைப் பிடித்து உண்மையைச் சொல்கிறார், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். (கைதட்டுவார்கள்தான். அக்காவின் முகத்தை என்னால் எழுத முடியவில்லை.)

இ) நான் விடிவதற்குள் போய் ஃப்ளெக்ஸைக் கிழித்து

இல்லை. அதை எழுதி முடிக்கவே கை வரவில்லை.

7

இதை மண்டபத்தின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். மேடையில் திரை போட்டிருக்கிறது. கயிறு அக்கா கையில். கோவிந்தராஜன் நாற்காலிக் கையைப் பிடித்தபடி என்னையே பார்க்கிறார்.

இழுத்துவிட்டார்.

எட்டடி அலுமினியம். நான்கு குழி. முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரின் தொடையைக் கிள்ளுகிறார். ஒரு குழந்தை வாயைத் திறக்கிறது. அதன் அம்மா பிஸ்கட்டை வைத்து அடைக்கிறாள். அக்கா இன்னும் திரும்பிப் படத்தைப் பார்க்கவில்லை. அல்லது மாவு ஊற்றும்போதெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாரா?

இதற்குமேல் நான் எழுதப் போவதில்லை. உங்களுக்கும் அது என்னவென்று தெரியும். மூன்றாம் பகுதியிலேயே தெரிந்துவிட்டது, மறுக்காதீர்கள். என் பக்கத்து இருக்கை காலி. வந்து உட்காருங்கள். அந்த கான்சாஸ் பெரிய மனிதர்களும் கையெழுத்துப் போடுமுன் இப்படித்தான் கையில் பேனாவோடு ஒரு கணம் நின்றிருப்பார்கள்.

அக்கா மைக்கில் கேட்கிறார்: "இது என்னன்னு யாருக்காவது தெரியுமா?"

பார்வை நம் வரிசைக்கு வருகிறது. என்மேல் நிற்காமல் தாண்டி, உங்கள்மேல் நிற்கிறது.