படத்தில் விழாத கை

காலை நாலே முக்காலுக்கு அலாரம் அடிக்கும். மஹ்மூது எழுந்து ஹீட்டர் சுவிட்சைப் போடுவான். ஒளு செய்து தொழுவான். முந்தின நாள் குபூஸ் ரொட்டியைத் தோசைக்கல்லில் போட்டுச் சூடாக்கி நின்றபடியே தின்பான். ஒரு தட்டு, ஒரு டம்ளர். கழுவிக் கவிழ்த்துவிட்டு ஐந்தே முக்காலுக்குக் கீழே இறங்குவான். கார்க் கண்ணாடியில் படிந்திருக்கும் தூசியைத் துடைத்து, ஷார்ஜா நெரிசல் தொடங்குமுன் மெயின் ரோட்டைப் பிடித்துவிடுவான். துபாய் அல் கூஸில் ஓர் அலுமினியக் கிடங்கில் அவன் ஸ்டோர் கீப்பர். சிக்னலில் நிற்கும்போது கியருக்கு முன்னால் இருக்கும் சின்ன டிராயரை இழுத்துப் பார்ப்பான். பார்க்கிங் சில்லறை, ஒரு பேனா, பிரிக்காத ஓர் அட்டை ஊக்கு. சில்லறை இருக்கிறது என்று தெரிந்ததும் மூடிவிடுவான்.

மனைவி அஃபீஃபா இறந்த அக்டோபரிலிருந்து மூன்று மாதமாக இதில் எதுவும் மாறவில்லை.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை மதியம் மாமியார் மெஹர்பானு போன் செய்தார். இளையவள் இஃப்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூலில் போட்டோ. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகிற பிள்ளைகளை ஒவ்வொருவராக நிற்கவைத்து எடுத்து ஸ்கூல் ஆண்டு மலரில் போடுவார்கள். பையன்களுக்குக் கோட்டு, பெண்களுக்குப் புடவை. லாத்தா என்று அவள் கூப்பிடும் அக்காள் போனதிலிருந்து இஃப்பத் கேமரா முன்னால் நிற்கவே மாட்டேன் என்றாள். டீச்சர் வீட்டுக்கே போன் பண்ணியும் அசையவில்லை. நேற்று ராத்திரி தானாக வந்து, லாத்தா எனக்கென்று எடுத்து வைத்த புடவை என்றால் நிற்கிறேன், இல்லையென்றால் என் பெயருக்கு மேலே கட்டத்தை வெறுமையாக விட்டுவிடட்டும் என்று சொல்லியிருக்கிறாள். நாளை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு வந்து வாங்கிக்கொள்கிறோம், எடுத்து மட்டும் வையுங்கள் என்றார் மாமி.

சரி என்று சொல்லி வைத்துவிட்டான். வைத்த பிறகுதான் அந்தப் புடவை எங்கே போயிற்று என்பது நினைவுக்கு வந்தது.

நாற்பதாம் நாளுக்குள் மவுத்தானவர்களின் துணிமணிகளை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். நன்மை போனவர்களுக்குச் சேரும். மாமியால் அந்த அறைக்குள் கால் வைக்க முடியவில்லை. மஹ்மூதுதான் அலமாரியைத் திறந்தான். எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. அடுக்கடுக்காக எடுத்து இரண்டு பெரிய பைகளில் திணித்து, மறுநாள் கிடங்கில் லோடு ஏற்றும் சோலையப்பனிடம் கொடுத்தான். ஊரில் அவருக்கு மனைவியும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். அந்த அடுக்கில் இஃப்பத்தின் புடவையும் போயிருக்கிறது. கத்தரிப்பூ நிறம், ஓரத்தில் மெல்லிய ஜரிகை. ரோலா பஜாரில் ஐந்து கடை ஏறி இறங்கி எடுத்தது. இஃப்பத்தின் அளவுக்கு ஜாக்கெட்டும் தைத்து அதற்குள்ளேயே மடித்து வைத்திருந்தாள் அஃபீஃபா.

ஒரு புடவைக்கு அவள் அத்தனை பாடுபட்டதற்குக் காரணம் இருந்தது. அதே ஸ்கூலில்தான் அவளும் படித்தாள். ஏழு வருடத்துக்கு முந்தைய மலரில் அவள் படமும் இருக்கிறது. ஒரு தோள் இறங்கி, கண் மிரண்டு, யாரோ அதட்டி நிறுத்திவைத்த மாதிரி. கல்யாணமான புதிதில் அந்தப் பக்கத்தைக் காட்டி அவள் சிரித்துச் சிரித்துக் கதை சொல்வாள். அன்றைக்கு ஊக்கு போதவில்லை. படிக்கட்டு ஏறும்போதே கொசுவம் அவிழ்ந்துவிட்டது. இடது கையால் இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். படத்தில் அந்தக் கை விழவில்லை. தங்கச்சியாவது இரண்டு கையும் சும்மா இருக்க நிற்க வேண்டும் என்பது அவள் ஆசை.

சாயங்காலம் மாமிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னான். மாமி, தானமாகக் கொடுத்த சதக்காவைத் திரும்பக் கேட்பது பாவம், விட்டுவிடுங்கள், அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார்.

"அது அஃபீஃபாவோட துணியில்ல மாமி," என்றான் மஹ்மூது. "அவ இஃப்பத்துக்குன்னு வாங்கினது. அடுத்தவங்க பொருளை நான் எப்படி சதக்கா குடுக்க முடியும்?"

மூன்று மாதத்தில் அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான். மாமி மறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சோலையப்பன் தங்கியிருக்கும் தொழிலாளர் கேம்புக்குப் போனான். லீவு நாள் என்பதால் வராந்தாவெல்லாம் ஈரத்துணி. ஒரு ரூமில் எட்டுக் கட்டில். ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலும் ஒரு அட்டைப்பெட்டி. லீவு கிடைக்கிற வரைக்கும் மாதம் ஒரு பொருளாக அதில் சேரும். சோப்பு, தைலம், பால் பவுடர், கம்பளி. சோலையப்பனின் பெட்டி மட்டும் அடியில் இல்லை. நைலான் கயிறு கட்டி, நான்கு பக்கமும் கறுப்பு மையில் முதுகுளத்தூர் விலாசம் எழுதி, வாசலிலேயே நின்றது. மார்ச்சில் அவர் ஊருக்குப் போகிறார். பெட்டி முன்னாலேயே கப்பலில் போகிறது. மதியம் கார்கோ வண்டி வரும்.

"வாங்க பாய். லீவு நாள்ல இந்தப் பக்கம்? ஸ்டோர் சாவியத் தொலைச்சிட்டீகளா?" என்றார் சோலையப்பன்.

மஹ்மூது நின்றபடியே விஷயத்தைச் சொன்னான். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. அதே மதிப்பில் வேறு புடவை வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னான். சோலையப்பன் பெட்டியைப் பார்த்தார். அதைக் கட்ட அவருக்கு ஒரு முழு ராத்திரி ஆகியிருந்தது. மேல் கட்டிலிலிருந்து விமல் எட்டிப் பார்த்து, "அண்ணே, அதைப் பிரிச்சீங்கன்னா திரும்பி மூடுறதுக்கு ரூம்ல எல்லாரும் மேல ஏறி உக்காரணும். நான் இப்பத்தான் குளிச்சேன்," என்றான்.

"குளிச்சவன் கத்தியை எடுத்துக் குடுறா," என்றார் சோலையப்பன்.

கயிற்றை அறுத்தார். மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தார். அஃபீஃபாவின் சுடிதார்கள் வந்தன. மஹ்மூது சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சோலையப்பன் அவற்றைச் சட்டென்று கம்பளிக்கு அடியில் தள்ளி மறைத்தார். அடியில், ஒரு வெள்ளைத் துண்டில் தனியாகச் சுற்றி, புடவை இருந்தது. ஜாக்கெட்டும் மடிப்புக் கலையாமல் உள்ளேயே இருந்தது.

"வேற தர்றேன்னீக. தாங்க. வேண்டாம்னு சொல்ற ஆளு நானில்ல," என்றார். "ஆனா இதே கலரா இருக்கணும் பாய். வீட்டுக்காரி சுந்தராம்பாள்ட்ட போன்ல கத்தரிப்பூன்னு சொல்லிப்புட்டேன். நாளைக்குப் பச்சையக் கொண்டுபோய் நின்னா, இது எவளுக்கு வாங்கினது, அது எவளுக்குப் போச்சுன்னு கேப்பா."

விமல் மேலேயிருந்து சிரித்தான். மஹ்மூதின் உதடும் கொஞ்சம் அசைந்தது. அப்படியே ஆகட்டும் என்று கைகொடுத்தான். பெட்டியை மூடும்போது அவனும் ஏறி உட்கார்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அரை நாள் பெர்மிஷன் போட்டுவிட்டு, காலை ஆறு மணிக்கே மாமி வீட்டுக்குப் போனான். ஒன்பதுக்கு ஸ்கூலில் இருக்க வேண்டும். ஹாலில் அயர்ன் பண்ணும் வாசனை. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே புடவையோடு மல்லுக்கட்டு நடந்துகொண்டிருந்தது. கொசுவம் நாலு தரம் வைத்து நாலு தரம் அவிழ்ந்தது. நிமிர்ந்து நில்லு என்று மாமி அதட்டுவதும், உம்மா மூச்சு முட்டுது என்று இஃப்பத் முனகுவதும் கேட்டன. ஒருவழியாக அவள் ஹாலுக்கு வந்தாள். முக்காட்டுக்கும் அதே கத்தரிப்பூ. ஆளுயரக் கண்ணாடி முன்னால் நிற்கிற மாதிரி அவன் முன்னால் நின்றாள்.

"மச்சான், உண்மையைச் சொல்லுங்க. டீசன்ட்டா இருக்கா? இல்ல பேங்க் மேனேஜர் மாதிரி இருக்கேனா?"

"மேனேஜர் இல்ல. கேஷியர்," என்றான் மஹ்மூது.

அவள் சிரித்தாள். சிரித்த அசைவில் தோள் முந்தானையும் கொசுவமும் நழுவின. இடது கை தானாகப் போய் இடுப்பைப் பிடித்தது. அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கும் லாத்தாவின் அந்தப் படம் தெரியும். கண் நிறைந்துவிட்டது.

மாமி ஊக்கு டப்பாவைக் கவிழ்த்துத் தேடினார். இருந்ததெல்லாம் புர்காவுக்குக் குத்துகிற பெரிய ஊக்கு. ஒன்றைக் குத்திப் பார்த்தார், மெல்லிய பட்டில் இழை இழுத்தது. பதறிப்போய் எடுத்துவிட்டார். இந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

மஹ்மூது கீழே இறங்கிப் போனான். காரைத் திறந்தான். டிராயரை இழுத்தான். சில்லறையை ஒதுக்கிவிட்டு அட்டையை எடுத்தான். வெயில் பட்டு அட்டை வெளுத்திருந்தது. ஊக்கு ஒன்றுகூடத் துருப்பிடிக்கவில்லை. மேலே வந்து மாமியின் உள்ளங்கையில் வைத்தான்.

மாமி முதலில் கொசுவத்துக்கு ஒன்று குத்தினார். பிறகு தோளுக்கு இரண்டு. துணி நோகாமல் உள்ளே போயின. இஃப்பத் மெல்லக் கையை எடுத்தாள். புடவை நின்றது. இரண்டு கையையும் தொங்கவிட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"எப்ப வாங்கினீங்க மச்சான்?"

"அக்டோபர் ஒன்பது."

அந்தத் தேதி அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு மதியம் கிடங்கில் லோடு இறங்கிக்கொண்டிருந்தபோது அஃபீஃபா போன் பண்ணினாள். அவன் லாரி பக்கம் பார்த்துக்கொண்டே சரி சரி என்று வைத்தான். வரும் வழியில் மறக்காமல் கடையில் இறங்கி வாங்கினான். வீட்டுக்கு வந்தபோது பக்கத்து ஃப்ளாட்காரர்கள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. அவன் போய்ச் சேருமுன் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள். கடைசியாக என்ன சொன்னாள், உயிர் பிரியும்போது சொல்ல வேண்டிய கலிமாவைச் சொன்னாளா? மாமியும் கேட்டார். சொன்னாள் மாமி என்றான் அவன். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள் என்றான்.

"மாமி," என்று இப்போது ஆரம்பித்தான். "நான் அன்னைக்கு உங்ககிட்ட சொன்னது..."

மாமி குனிந்து கொசுவத்தின் நுனியைச் சரிசெய்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எனக்குத் தெரியும் மாப்ள. நீங்க வரங்காட்டி முடிஞ்சுபோச்சுன்னு நர்ஸ் அன்னைக்கே சொல்லிட்டா. என் மனசுக்காகச் சொன்னீங்க, நானும் கேட்டுக்கிட்டேன்." அட்டையில் மிஞ்சியிருந்த ஊக்குகளை விரலால் தடவினார். "அவ என்னதான் சொன்னா? அதைச் சொல்லுங்க."

இஃப்பத்தும் அவனைப் பார்த்தாள். மஹ்மூது, அஃபீஃபா சொன்னபடியே, ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் சொன்னான்.

"மச்சான், வரும்போது ஒரு அட்டை ஊக்கு வாங்கிட்டு வாங்க. சின்ன ஊக்கு. பெருசு துணியைக் கிழிச்சிரும்."