வேலி வரிசை

அக்காவும் தங்கையும் பேசிக்கொள்வதை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது. திட்டிக்கொள்வதை மட்டும் நிறுத்தவில்லை. அதுவும் நேராக அல்ல. பெரியவள் தன் பக்கத்து மோட்டாரைத் திட்டுவாள், சின்னவள் தன் பக்கத்து மண்வெட்டியைத் திட்டுவாள். யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவளுக்கு அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிடும்.

அப்பா விட்டுப்போனது ஒரு தோட்டம், முழுக்கக் கண்வலிக்கிழங்கு. கம்பியைப் பிடித்து ஏறி, நெருப்பு நிற இதழ்களை மேலே மடக்கிக்கொண்டு பூக்கும் கொடி. அதன் விதை மூட்டுவலி மருந்து செய்வதற்குப் போகிறது. தெரியாமல் வாயில் போட்டால் ஆளையே கொண்டுபோய்விடும். அந்த வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பயிர் கிடையாது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார்கள்.

சின்னவள் புருஷன் வீட்டை விட்டு வந்தது போன வருஷம். அவன் இன்னொருத்தியைக் கூட்டிவந்து நடுவீட்டில் உட்கார வைத்துவிட்டு, இவளைச் சமையலறைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் படுத்துக்கொள்ளச் சொன்னான். கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு பெட்டியோடு பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். வந்தவளை அக்கா வாசலிலேயே நிறுத்தி, எத்தனை நாள் இருப்பதாக உத்தேசம் என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் சின்னவள் தோட்டத்தில் பாதி கேட்டாள். இல்லாவிட்டால் கேட்டிருக்கவே மாட்டாள் என்றில்லை, அவ்வளவு சத்தமாகக் கேட்டிருக்க மாட்டாள்.

தாய்மாமா வந்து பிரித்துக் கொடுத்தார். வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சண்டையையும் ஃபியூஸ் மாற்றிச் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறவர். தோட்டம் சரிபாதி என்றார். பழக்கமில்லாதவள் கையில் நிலம் பாழாகிவிடும் என்று பெரியவள் ஒற்றைக் காலில் நின்றாள். அதனால் ஒரு நிபந்தனை போட்டார். ஒரு பருவத்துக்கு அவளிடம் பாதியைத் தருவது, அதற்குள் காய் எடுத்துக் காட்டினால் அந்தப் பாதி அவளுக்கே. இல்லையென்றால் அதை அக்காவிடம் விட்டுவிட்டுப் புருஷன் வீட்டுக்கே திரும்பிவிட வேண்டும். அந்தச் சாமான் அறையை நினைத்துக்கொண்டு சின்னவள் சரி என்றாள்.

அவளுக்கு நம்பிக்கை இருந்தது. கண்வலிப் பூவைத் தன்பாட்டில் விட்டால் சரியாகக் காய்க்காது. அதன் சூல்தண்டு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நிற்கும், மகரந்தத்தின் பக்கம் எட்டியும் பார்க்காது. யாராவது மகரந்தத்தை விரலில் எடுத்து அந்தத் தண்டின் நுனியில் தடவ வேண்டும். பூ தொடுவது என்பார்கள். பனி காய்ந்து மகரந்தப் பை வெடித்த பிறகு ஆரம்பித்து, வெயில் சுடுவதற்குள் முடித்துவிட வேண்டும். சின்னவளுக்கு அது கைவந்த வேலை. கல்யாணத்துக்கு முன்பு அப்பாவோடு எத்தனையோ பருவம் தொட்டவள்.

வம்பு நடுவில் இருந்த கம்பி வரிசையில் வந்தது. பாகம் பிரித்த கோடு சரியாக அதன்மேல் ஓடியதால் அதுவே வேலி வரிசை ஆயிற்று. இரண்டு பக்கத்துக் கொடிகளும் அந்தக் கம்பியில் ஏறிப் பின்னிக்கொண்டு, எது யாருடையது என்று சொல்ல முடியாமல் கிடந்தன. வேர் யாருடையதோ அவளுக்கே காய் என்றாள் பெரியவள். யார் பக்கம் தொங்குகிறதோ அவளுக்கே என்றாள் சின்னவள். மாமா தலையைச் சொறிந்துவிட்டு, முதலில் தொட்டவளுக்குக் காய் என்று தீர்ப்புச் சொன்னார். தொட்ட பூவின் காம்பில் நூல் கட்டிவிட வேண்டும். பெரியவளுக்குச் சிவப்பு, சின்னவளுக்கு நீலம்.

நல்லவர்தான். ஆனால் இரண்டு பேரையும் சின்ன வயதிலிருந்து பார்த்தவர் இப்படி ஒரு தீர்ப்பைச் சொல்லியிருக்கக் கூடாது.

முதல் நாள் சின்னவள் தன் வரிசைகளை முடித்துவிட்டு வேலி வரிசைக்கு வந்தால் முழுக்கச் சிவப்பு நூல். மறுநாள் நேராக வேலி வரிசைக்குப் போய் நீல நூலாகக் கட்டித் தள்ளினாள். அக்கா வந்து பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. அதோடு விட்டாளா? சும்மா நூலைக் கட்டினால் தொட்டதாகிவிடுமா என்று மோட்டாரிடம் கேட்டுவிட்டு, ஒவ்வொரு பூவையும் திரும்பத் தொட்டு நீலத்தின்மேல் சிவப்பைக் கட்டினாள். அதற்கு அடுத்த நாள் சின்னவள் அதையே செய்தாள்.

கூலிக்கு ஆள் வைத்தால் இந்தக் கூத்தே வேண்டாம். ஆனால் சின்னவள் கூப்பிட்ட பெண்களிடம் அக்கா போய், என் தங்கை ஒழுங்காகக் கூலி தரமாட்டாள் என்று ஓதிவைத்தாள். அக்காவிடம் வேலைக்கு வந்தவர்களிடம் சின்னவள், அவள் கொடுக்கிற காபியில் எதைக் கலப்பாளோ என்றாள். வீட்டைச் சுற்றி விஷக் கொடி இருக்கும்போது அந்தப் பேச்சு நன்றாகவே எடுபட்டது. ஒருவரும் வரவில்லை. அக்காவின் புருஷன் லாரியோடு வெளியூர் போயிருந்தார். இப்படி ஒரு மனைவியும் மைத்துனியும் இருந்தால் யாராயிருந்தாலும் லோடு கேட்டு வாங்கிக்கொண்டுதான் போவார்கள்.

ஆகவே சின்னவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பனி காய்கிற நல்ல நேரம் முழுவதும் வேலி வரிசையில் நிற்க வேண்டும். அப்படியானால் தன் சொந்த வரிசைகளை அதற்கு முன்பே, விடியும்போதே முடித்துவிட வேண்டும். மகரந்தப் பை அப்போது மூடிக்கிடக்கும். அதனால் என்ன, நகத்தால் கீறித் தடவினால் போயிற்று. ஈரத்தில் அது பசை மாதிரி விரலில் ஒட்டியது. இப்படித் தொட்டால் காய் பிடிக்காது என்று அவள் கைக்குத் தெரியும். இன்றைக்கு ஒரு நாள்தானே என்று கையைச் சமாதானப்படுத்தினாள். மறுநாளும் அதையேதான் சொன்னாள். வேலிக்கு அந்தப் பக்கமும் விடியற்காலையில் கொடி அசைவதைப் பார்த்தாள். அக்காவும் எழுந்துவிட்டாள் என்று இன்னும் வேகமாகக் கீறினாளே தவிர, அக்கா என்ன செய்கிறாள் என்று யோசிக்கவில்லை.

காய் திரளும் சமயம் மாமா குடையை இடுக்கிக்கொண்டு வந்தார். சின்னவளின் பாதியில் வரிசை வரிசையாக நடந்தார். வதங்கிய பூக்கள் பழுப்புக் கந்தலாகத் தொங்கின. விரல் தடிமனில் பிஞ்சுகள் அங்கொன்று இங்கொன்று. பூ உதிர ஆரம்பித்தபோதே சின்னவளுக்குத் தெரியும். தண்ணீர் போதவில்லை என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தாள். பின்னால் வந்த பெரியவளுக்கு முகமெல்லாம் பல்.

"உங்க அக்கா எப்படி விளைவிச்சிருக்கான்னு வந்து பாரு" என்று மாமா வேலியைத் தாண்டினார்.

வெயில் ஏறுகிறது, பிறகு பார்க்கலாமே என்றாள் பெரியவள். அவள் குரல் போன விதத்தில் சின்னவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. போய்ப் பார்த்தால் அந்தப் பக்கமும் அதே பழுப்புக் கந்தல். சின்னவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. தன் பிழைப்பு போனது நினைவில்லை. அக்காவின் பிழைப்பும் போனது எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி இருந்தது.

வேலி வரிசையில் மட்டும் கம்பி வளைகிற அளவுக்குக் காய். நல்ல நேரத்தில், இரண்டு கையாலும், ஒரு பூ விடாமல் தொடப்பட்ட வரிசை. ஒவ்வொரு காம்பிலும் சிவப்பும் நீலமும் சேர்ந்து சுற்றியிருந்தன. யார் முதலில் தொட்டது என்று மாமா கேட்டார். இரண்டு பேரும் நான் என்றார்கள்.

மாமா வரப்பில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சின்னவளைப் பார்த்து, "பாதி உனக்கு, பாதி அவளுக்கு. உன் பங்கு வந்தாலே நீ காய் காட்டின மாதிரிதான். நிலம் உனக்கு. இதுல யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?" என்றார்.

சின்னவளுக்கு மூச்சு வந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பெரியவள், தங்கையை நேருக்கு நேராகப் பார்த்து, வெகுநாளைக்குப் பிறகு அவளிடமே பேசினாள்.

"பாதி எதுக்கு, எல்லாத்தையும் நீயே எடுத்துக்கடி. புருஷனும் வேண்டாம்னு விட்டுட்டான், போக்கிடம் இல்ல. பாவம், பொழச்சுப் போ."

வேண்டுமென்றே சொல்கிறாள் என்பது சின்னவளுக்கு நன்றாகத் தெரிந்தது. எங்கே தட்டினால் இவள் உடைவாள் என்று அக்காவுக்குத் தெரியும். வாயைத் திறக்காமல் நின்றால் போதும், காயும் நிலமும் சின்னவளுக்கே. அவளும் நிற்கத்தான் பார்த்தாள். ஆனால் கால் தானாக நடந்துவிட்டது. கம்பி கட்டியிருந்த கம்பத்தில் மாட்டியிருந்த அரிவாளை எடுத்து, வேலி வரிசைக் கொடிகளை அடியோடு அறுத்துக்கொண்டே போனாள். முற்றாத காய்கள் கம்பியோடு தலைகீழாகச் சரிந்தன. மாமா கத்தினார். பெரியவள் கையைக் கட்டிக்கொண்டு கடைசிக் கொடி வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் சின்னவள் பெட்டியோடு புருஷன் ஊர் பஸ்ஸுக்காக நின்றாள். மாமா பக்கத்தில் நின்றார். அவருக்கு மனசே ஆறவில்லை.

"நிலம் உன் கைக்கு வந்துடுச்சேம்மா. ஏன் இப்படிப் பண்ணினே?"

சின்னவள் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் மகரந்த மஞ்சள் இன்னும் போகவில்லை.

"அவ என்னைப் பாவம்னு சொல்லிட்டா, மாமா."