பச்சை வாளி வைத்த கதவு

டிப்போ மேனேஜர் அந்தத் தாளின் நுனியை இரண்டு விரலால் பிடித்து நீட்டினார், செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல.

"திங்கட்கிழமை காலையில இதுல குடியை விடுற கூட்டத்துக்காரங்க கையெழுத்து இருக்கணும். இல்லேன்னா ஸ்டியரிங்கை மறந்துடு. ரிட்டயர் ஆகுற வரைக்கும் கழுவுற வேலைதான்."

டிரைவர் தலையாட்டினார். போதையில் டூட்டிக்கு வந்து மாட்டிக்கொண்டதிலிருந்து, இரண்டு மாதமாக அவருக்கு அந்த வேலைதான். பேருந்தின் பின்சீட்டில் எவனோ எடுத்துவைத்த வாந்தியை மரத்தூள் போட்டு அள்ள வேண்டும். அள்ளும்போதெல்லாம், "மனுஷனா இவனுங்க?" என்று காறித் துப்புவார். தான் அந்த ரகம் இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

தாளில் இருந்த நம்பருக்குப் போன் போட்டார். கரகரத்த குரல் ஒன்று வழி சொன்னது.

"நூலகத்துக்குப் பின்னாடி மாடி ஏறுங்க. போர்டு எதுவும் இருக்காது. எவனாவது பார்த்துடுவான்னு நம்மாளுங்களுக்கு பயம். பச்சை வாளி வெச்ச கதவு நம்மளுது."

வெள்ளிக்கிழமை மாலை, நாலு புதினா மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு படியேறினார். மதியம் அடித்தது கொஞ்சம்தான். பச்சை வாளியில் அழுக்குத் தண்ணீர் பாதி நின்றது. அதில் ஒரு தலைமுடிச் சுருள் மிதந்தது. முகத்தைச் சுளித்தபடி கதவைத் தள்ளினார்.

உள்ளே ஈரச் சாக்கு நாற்றம். தட்டில் நமுத்துப்போன பிஸ்கட். சுற்றி ஐந்து பெண்கள், ஒரு கிழவர். 'பொம்பளைங்க இத்தனை பேரா குடிக்கிறாங்க? கர்மம்!' என்று நினைத்துக்கொண்டு, பிசுபிசுத்த நாற்காலியில் அரைக் குண்டியோடு உட்கார்ந்தார்.

ஒரு தையல்காரம்மா பேசிக்கொண்டிருந்தாள்.

"கக்கூஸ் ஃப்ளஷ் டேங்குக்குள்ள பாட்டிலைப் போட்டு வெச்சிருக்கான் என் புருஷன். அந்தத் தண்ணியில ஊறினதை எடுத்து அப்படியே வாயில வெக்கிறான். குமட்டுதுக்கா."

டிரைவருக்குப் பகீர் என்றது. ஃப்ளஷ் டேங்கைத் தானே கண்டுபிடித்ததாக அவர் நினைத்திருந்தார். இவர்கள் குடிக்கிறவர்கள் இல்லை. குடிகாரர்களோடு குடித்தனம் நடத்துகிறவர்கள். எழுந்து நழுவுவதற்குள், கூட்டம் நடத்திய நர்ஸம்மா திரும்பிவிட்டார்.

"உங்க வீட்டுல யாருண்ணா?"

"தம்பி" என்றார், யோசிக்காமல்.

"சொல்லுங்க."

ரெண்டு வார்த்தை சொல்லித் தப்பிக்கத்தான் நினைத்தார். வாய் நிற்கவில்லை.

"அவன் ஒரு ஜென்மமாங்க? போர்வையிலயே ஒண்ணுக்குப் போயிட்டு, பொண்டாட்டிதான் தண்ணியைக் கொட்டிட்டான்னு சண்டை போடுவான். மகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்குற அன்னைக்குப் போட்டுக்க புது ஷூ வாங்கி வாசல்ல வெச்சிருந்தாங்க. ராத்திரி அந்த ஷூவுக்குள்ள வாந்தி எடுத்துட்டு, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி போய்ப் படுத்துட்டான். காலையில பாப்பா காலை உள்ள விட்டுடுச்சு. இப்பவும் எந்த ஷூவையும் கவுத்துத் தட்டிப் பார்க்காம போட மாட்டா."

"த்தூ!" என்றாள் தையல்காரம்மா. "அவனெல்லாம் ஒரு அப்பனா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்!" டிரைவருக்கு நிஜமாகவே ஆத்திரம் பொங்கியது. இரண்டு மாதம் அள்ளிய மரத்தூளின் வாடை மூக்கில் ஏறியது. அந்தத் தம்பி மட்டும் எதிரே இருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பார்.

கூட்டம் டீ குடிக்கக் கலைந்தபோது தாளை நீட்டினார். நர்ஸம்மா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது பக்கத்து ரூம் தாள். மாடி துடைக்கிறவங்க வாளியை மாத்தி வெச்சுட்டாங்க போல. எங்களுது சிவப்பு."

"தெரியாம..."

"நீங்க உள்ள வந்ததுமே எனக்குத் தெரியும். குடிக்கிறவங்களோட சொந்தக்காரங்க யாரும் வாயை இவ்வளவு மணக்க வெச்சுக்கிட்டு வர மாட்டாங்க."

"அப்புறம் ஏன் பேச விட்டீங்க?"

"தம்பியைப் பத்திக் கேக்கணும்னு இருந்துச்சு."

தையல்காரம்மா காதில் விழுந்துவிட்டது. டிரைவர் பக்கத்திலிருந்த தன் கைப்பையை எடுத்து, இரண்டு நாற்காலி தள்ளி வைத்தாள்.

டிரைவர் நர்ஸம்மா பக்கம் குனிந்தார். "நீங்களே ஒரு கையெழுத்து போட்டுடுங்கக்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

"என் கையெழுத்து செல்லாதுண்ணா. போங்க, அங்க இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

சிவப்பு வாளி வைத்த கதவைத் திறந்தார். வியர்வையும் புதினாவும் கலந்து முகத்தில் அடித்தது. எட்டுப் பேர் வாயிலிருந்தும் அதே புதினா. தன் வாயே எட்டாகப் பெருகி எதிரே உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

"கையெழுத்துக்கு வந்தீங்களா?" போனில் கேட்ட அதே கரகரத்த குரல். 'தபால்' என்று மற்றவர்கள் கூப்பிட்ட முன்னாள் தபால்காரர். "பேசினாத்தான் போடுவேன். பொய் பேசுனா பேனா எழுதாது."

யாரோ சிரித்தார்கள்.

"என் தம்பி ஒருத்தன்..." என்று ஆரம்பித்தார் டிரைவர். அவர் அம்மாவுக்கு அவர் ஒரே பிள்ளை.

தபால் பேனாவை மூடினார்.

டிரைவர் தரையைப் பார்த்தார். வாயிலிருந்த மிட்டாயைக் கைக்குட்டையில் துப்பினார்.

"என் மக ஷூவுக்குள்ள வாந்தி எடுத்தது நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் தோளில் தட்டவும் இல்லை. பக்கத்தில் இருந்தவர் கழற்றிப் போட்டிருந்த தன் ஷூவை மட்டும் காலாலேயே மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

தபால் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"ம்... அப்புறம்?"