தவிர்க்கப்பட்டது: ஒன்று

திரையில் நூற்று நாற்பத்து மூன்று பச்சை வரிகளுக்குக் கீழே ஒரே ஒரு சிவப்பு வரி இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தப்பு என்று அது காட்டியது நான் எழுதிய நிரலை. காட்டிக்கொடுத்தது தமிழ்ச்செல்வி எழுதிய சோதனை. நான் பதினான்கு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அவள் நெல்லிக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத பெண்.

"ரெண்டு தடவ கூப்புட்டிருக்கணும் சார். ஒரு தடவதான் கூப்புட்டிருக்கு," என்றாள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் கம்பெனி. முதலாளி ஸ்ரீதரையும் சேர்த்து ஐந்து பேர். சிதம்பரத்தில் வெள்ள நேரத்தில் ஓடியாடி உதவும் ஒரு தன்னார்வக் குழுவுக்காக ஒரு வெப் அப்ளிகேஷன் செய்துகொண்டிருந்தோம். கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறினால், ஆற்றுக்கு நடுவே திட்டுகளில் குடியிருப்பவர்களைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்து முகாம்களில் சேர்ப்பார்கள். யார் வந்தாயிற்று, யார் வரவில்லை என்று கரையில் நிற்பவர் செல்போனிலேயே பார்த்துக் குறிக்க வேண்டும். வந்தவர் பெயரைத் தொட்டால் டிக் விழும். அந்த நொடியே அவர் வீட்டாருக்கு, இன்னார் பத்திரமாக வந்து சேர்ந்தார் என்று குறுஞ்செய்தி போகும். அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒரு பெயர் தவறினால் ஒரு ஆள் ஆற்றோடு போவார் என்பதால் அது சின்ன வேலையும் இல்லை.

சோதனை எழுதுவதெல்லாம் பெரிய கம்பெனிக்காரர்களின் ஆடம்பரம் என்பது அதுவரை என் கட்சி. தமிழ்ச்செல்விதான் அடம்பிடித்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் காலியான டேட்டாபேஸில் அவளாகக் கற்பனை செய்த ஒரு ஊரை ஏற்றுவாள். பிக்ஸ்ச்சர் என்று அதற்குப் பெயர். நான்கு வீடு, பதினொரு பேர், ஒரு படகு. சோதனை முடிந்ததும் ஊர் மொத்தமும் அழிந்துவிடும். அடுத்த சோதனைக்கு மறுபடி முதலிலிருந்து அதே நான்கு வீடு, அதே பதினொரு பேர். எல்லாம் அரை நொடிக்குள். ஒருநாள் அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண் இமைப்பதற்குள் ஒரு ஊர் குடியேறி, வெள்ளத்தில் மாட்டி, கரை சேர்ந்து, சுவடில்லாமல் போய், திரும்பக் குடியேறியது. வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு டீ ஆறிப்போகிற வரைக்கும் நான் அங்கேயே நின்றேன்.

சோதனை ஓடும்போதெல்லாம் நிஜமாகவே குறுஞ்செய்தி போனால் யாரோ ஒருவரின் போன் அலறிக்கொண்டே இருக்கும். அதற்காக அவள் பொய்யாக ஒரு அனுப்புநரைச் செய்து வைத்திருந்தாள். மாக் என்பார்கள். அது எதையும் அனுப்பாது. கேட்டால் அனுப்பியாச்சு என்று மட்டும் சொல்லும், யாருக்காக எத்தனை தடவை கூப்பிட்டார்கள் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஸ்ரீதர் அதைப் பார்த்துவிட்டு, "சிதம்பர ரகசியம்தான். திரையத் தூக்குனா உள்ள ஒண்ணும் இல்ல," என்று சிரித்தார்.

அந்த ஒன்றுமில்லாததுதான் இப்போது என்னைப் பிடித்துக் கொடுத்திருந்தது.

ஒரே ஆளை இரண்டு பேர் தனித்தனியாகப் பதிந்துவிடுவது முகாம்களில் சகஜம். அப்படி வந்தால் தானாகச் சேர்த்து ஒன்றாக்க நான் ஒரு வழி எழுதியிருந்தேன். பெயரும் இனிஷியலும் வீட்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்று. ஒரே மத்தியானத்தில் எழுதியது, எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. தமிழ்ச்செல்வி தன் ஊரின் மூன்றாம் வீட்டில் சி. நடேஷ் என்று ஒருவரை வைத்தாள். அதே வீட்டில் இன்னொரு சி. நடேஷையும் வைத்தாள். இருவரும் கரைக்கு வந்தால் இரண்டு செய்தி போக வேண்டும். ஒன்றுதான் போனது.

"ஒரே வூட்ல ஒரே பேரு, ஒரே இனிஷியலு. அது எப்பிடிம்மா ரெண்டு பேரு இருப்பாங்க?"

"தாத்தாவும் பேரனும் சார். எங்க பக்கம் தாத்தா பேரதான் பேரனுக்கு வெப்பாங்க. அவரு புள்ளைக்கு அவரு அப்பா பேரு, பேரனுக்கு இவரு பேரு. அப்பிடியே மாறி மாறி வந்தா இனிஷியலும் ஒண்ணாதான வரும்."

"வூட்ல கூப்புட்டா ரெண்டு பேரும் திரும்பிப் பாப்பாங்களா?"

"பேரச் சொல்லி யாரு சார் கூப்புடுவா? மாமனார் பேரச் சொல்லி மருமக தன் புள்ளையக் கூப்புட முடியுமா? குட்டி, ராசான்னு எதாவது வெச்சிருப்பாங்க. நெசப் பேரு ரேஷன் கார்டுல மட்டும்தான்."

என் அப்பா மேடைப் பேச்சில் மயங்கி எனக்கு இளவரசு என்று பெயர் வைத்தவர். எங்கள் வீட்டில் யார் பெயரும் யாருக்கும் திரும்ப வந்ததில்லை. அதனாலோ என்னவோ, அவள் சொன்னது எனக்கு வேண்டுமென்றே ஜோடித்த சிக்கலாகத்தான் பட்டது. சரிசெய்ய வயதும் வேண்டும். திட்டுகளில் பதிந்துகொண்டு வந்த படிவத்தில் வயது கேட்கவே இல்லை. திரும்பப் போய்க் கேட்டு வர நாளாகும். மேட்டூர் நிரம்பிவிட்டது என்று செய்தி வந்து, விடிந்தால் அப்ளிகேஷனைக் கொடுத்தாக வேண்டும் என்று ஸ்ரீதர் குட்டி போட்ட பூனையாக அலைந்துகொண்டிருந்தார்.

"லட்சத்துல ஒண்ணும்மா இது," என்றேன். அவள் ஐந்தரை பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள். அவள் படியிறங்கிய பிறகு அந்தச் சோதனையின் தலையில் ஸ்கிப் என்று ஒரு வரி சேர்த்தேன். தாண்டிப் போ என்று அர்த்தம். சிவப்பு மறைந்தது. எல்லாம் பச்சை. அடியில் சின்ன எழுத்தில் மஞ்சளாக, தவிர்க்கப்பட்டது ஒன்று என்று மட்டும் வந்தது. அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

மூன்றாம் நாள் தண்ணீர் வந்துவிட்டது. முதல்முறையாகப் பயன்படுத்துகிறார்கள், பக்கத்தில் ஆள் வேண்டும் என்று ஸ்ரீதர் என்னை அனுப்பினார். காலையிலேயே பைக்கில் சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடக் கரைக்குப் போய்ச் சேர்ந்தேன். மணலாகவே பார்த்துப் பழகிய ஆறு. அன்றைக்கு எதிர்க்கரை தெரியவில்லை. பழுப்பு நிறத்தில், சத்தமே இல்லாமல், முழு வாழைகளையும் ஒரு வைக்கோல் போரையும் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. இத்தனை பெரியது இத்தனை அமைதியாக நகருமா என்று மலைத்து நின்றேன். இதற்கு நடுவில் எங்கேயோ, அன்றைக்கு ஆட்களை ஏற்றிவர வேண்டிய நாணல்திட்டு இருந்தது.

அப்ளிகேஷன் அருமையாக வேலை செய்தது. கிள்ளையிலிருந்து வந்த படகுக்காரர் ஞானசேகரன் நடைக்கு ஏழெட்டுப் பேராகக் கொண்டுவந்து இறக்கினார். குழுவைச் சேர்ந்த ஸ்ரீமதி என்ற கல்லூரிப் பெண் பெயர் கேட்டுக் கேட்டு டிக் போட்டாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர், சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாதிப் பேர். மூன்று மணிக்குத் திரையில் அறுபத்தொன்றுக்கு அறுபத்தொன்று வந்தது. நான் அந்த எண்ணைப் படம் பிடித்து ஸ்ரீதருக்கு அனுப்பினேன். ஞானசேகரன் மோட்டாரைக் கழற்ற ஆரம்பித்தார். அப்போதுதான் தமிழ்ச்செல்வி போன் செய்தாள்.

"சார், அந்த டெஸ்ட்ட ஸ்கிப் போட்டது நீங்களா?"

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

"ஆமா."

"சேத்து ஒண்ணாக்குன லிஸ்ட்ட எடுத்துப் பாத்தேன் சார். மொத்தம் ஏழு. ஆறு ஒரே ஆளுதான், போன் நம்பர் ஒண்ணா இருக்கு. ஏழாவதுல நம்பர் வேற வேற. பன்னெண்டாம் நம்பர் வூடு. ந. பொன்னம்பலம்."

ஸ்ரீமதியிடம் ஓடி, ந. பொன்னம்பலத்துக்கு யார் டிக் போட்டது என்று கேட்டேன். காலை முதல் படகில் வந்தவர்தான், அதோ, என்று கையைக் காட்டினாள். காலையிலிருந்து படகைப் பிடிப்பதும் குழந்தைகளைத் தூக்கி இறக்குவதுமாக நின்ற பையன். இருபத்திரண்டு, இருபத்துமூன்று இருக்கும். எல்லோரும் அவனைக் குட்டி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, உங்க தாத்தா பேரு என்னா?"

"எம் பேருதான் சார்," என்றான்.

"அவரு எங்க இப்ப?"

"மண்டபத்துல சார். மாடு கன்னு போடப் போவுது, அடுத்த படகுல வரேன்னாரு. அம்மாவப் பள்ளிக்கூடத்துல வுட்டுட்டு நான் திரும்பறதுக்குள்ள அவரு வந்துட்டாருன்னு அப்பாவுக்கு மெசேஜ் வந்துச்சே. அப்பா வெளியூரு வேலையிலேருந்து நேரா பள்ளிக்கூடத்துக்கு வந்து அம்மாகூட இருக்காரு. அங்க இல்லன்னா மண்டபத்துக்குத்தான் போயிருப்பாருன்னு சொன்னாரு."

அந்தச் செய்தி இவனுக்காகப் போனது. குட்டியின் தகப்பன், மகனிடம் அதற்கு முன்பே போனில் பேசிவிட்டதால், அப்பாதான் வந்துவிட்டார் என்று நினைத்து நிம்மதியாகிவிட்டார். பிள்ளைக்கு நிம்மதி, பேரனுக்கு நிம்மதி, பட்டியலுக்கு நிம்மதி. கிழவர் மட்டும் ஆற்றின் நடுவே இருந்தார். எல்லாரையும் நான்தான் அப்படி நிம்மதியாக உட்காரவைத்திருந்தேன்.

"அது நீ வந்ததுக்குப் போன மெசேஜ்ப்பா. தாத்தா வரல. தப்பு என்னோடது," என்றேன்.

அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். அவன் படகைப் பார்த்து ஓடினான். ஞானசேகரன் மோட்டாரைத் திரும்ப மாட்டினார். நானும் ஏறப் போனேன்.

"நீங்க வாணாம் சார். வர்றவருக்கு எடம் வேணும்," என்றார்.

படகு சின்னதாகி, பழுப்பில் ஒரு புள்ளியாகி, அதுவும் மறைந்தது. தண்ணீர் காலையில் நட்டுவைத்த குச்சியைத் தாண்டி இரண்டடி ஏறியிருந்தது. ஸ்ரீமதி மண்டபத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள். அப்படி ஒருவர் அங்கே இல்லை. நான் கரையில் குந்தினேன். கும்பிட்டுப் பழக்கமில்லை, அதனால் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

பயத்துக்கு நடுவிலும் ஒரு ஆச்சரியம் என்னை விடவே இல்லை. இந்த ஆற்றை, இந்தத் திட்டைக் கண்ணால் பார்க்காத ஒரு பெண், சொட்டுகிற ஏ.சி.க்கு அடியில் உட்கார்ந்து, இல்லாத வீட்டில் இல்லாத ஒரு கிழவரைக் குடிவைத்தாள். அவர் அரை நொடிக்கு மேல் உயிரோடு இருந்ததில்லை. அந்த அரை நொடியில், இன்னொருவன் இருக்கிறான், அவனை விட்டுவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒவ்வொரு முறையும் அழிந்து, ஒவ்வொரு முறையும் வந்து அதையே சொன்னார். நான்தான் வாயை அடைத்தேன். பதினான்கு வருடத்தில் நான் தட்டிய எதுவும் எனக்கு இப்படி ஒரு நடுக்கத்தைக் கொடுத்ததில்லை.

"சார், லைன்ல இருக்கீங்களா?" என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள் தமிழ்ச்செல்வி. நான் வைக்காமல் விட்டிருந்தேன்.

"இருக்கேம்மா. படகு போயிருக்கு."

"நானும் இருக்கேன் சார்."

அவள் பக்கம் மருந்துக்கடைத் தெருவின் ஆட்டோச் சத்தம் கேட்டது. என் பக்கம் அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது.

ஐந்தரைக்கு மோட்டார் சத்தம் முதலில் வந்தது. பிறகுதான் படகு. ஞானசேகரனின் தலைத்துண்டு தெரிந்தது. குட்டி நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் யாரோ குனிந்து உட்கார்ந்திருந்தார். படகு மெதுவாக, மிக மெதுவாகத்தான் வந்தது. ஏன் என்று கிட்டே வந்த பிறகு விளங்கியது. படகுக்குப் பின்னால் தண்ணீருக்கு மேலே இரண்டு கொம்பும் ஒரு மூக்கும் நீந்தி வந்துகொண்டிருந்தன. கயிற்றை உட்கார்ந்திருந்தவர் கையில் சுற்றிப் பிடித்திருந்தார். ஒல்லியான உடம்பு, வெள்ளை மீசை, இடுப்பு வரைக்கும் சேறு. மடியில் சாக்கில் சுற்றி எதையோ வைத்திருந்தார்.

குட்டி இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து அவரைத் தூக்கக் கையை நீட்டினான். அவர் தன்னைக் கொடுக்கவில்லை.

"மொதல்ல இதப் புடி," என்று சாக்கை அவனிடம் நீட்டினார்.

அவன் அதைக் கரையில் கொண்டுவந்து என் காலடியில் இறக்கிவிட்டுத் திரும்ப ஓடினான். சாக்கு அசைந்தது. செம்பழுப்பில், இன்னும் ஈரம் காயாத ஒரு கன்று தலையை வெளியே நீட்டியது. பெயர் கேட்கத் தயாராக நின்ற ஸ்ரீமதி போனைத் தாழ்த்திக்கொண்டாள். கன்று முன்னங்கால்களை ஊன்றியது, சறுக்கியது, மறுபடி ஊன்றியது. பின்னால் தாய் மாடு நீர் சொட்டச் சொட்ட மேடேறி வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் கன்று நான்கு காலிலும் எழுந்து, கொள்ளிடத்துச் சேற்றில் நடுங்கிக்கொண்டே நின்றது.